முகம் தெரியும், பேர் தெரியாது: பழைய பிரிட்டிஷ் காமெடியின் குணச்சித்திர நடிகர்கள்

இந்த வாரம் சாஃப்ட்வேர் இல்லை. அதாவது நடுவுல கொஞ்சம் வரும், அதுவும் நான் ரொம்ப நாளா சொல்லணும்னு வெச்சிருந்த விஷயம். ஆனா எபிசோடு அதைப் பற்றியது இல்லை. பழைய பிரிட்டிஷ் காமெடிப் படங்கள்லயும் தொடர்கள்லயும் ஹீரோவா இல்லாம, ஆனா எதைப் போட்டாலும் திரும்பத் திரும்ப வந்து நிக்கிற சில முகங்கள் இருக்கே, அவங்களைப் பற்றியது. ஒரு வங்கி மேனேஜர், ஒரு பாதிரியார், ஒரு ஆஸ்பத்திரி மேட்ரன், ஒரு சந்தேகப் பேர்வழி போலீஸ்காரர். படம் முடிஞ்சதும் "இவரை வேற எதுலயோ பார்த்திருக்கேனே"ன்னு தோணும். பேர் மட்டும் வராது.

தமிழ்ல இவங்களுக்குக் குணச்சித்திர நடிகர்னு ஒரு வார்த்தை இருக்கு. ஆனா அந்த வார்த்தையைக் கேட்டா நமக்கு உடனே கண்ணீர் விடுற அப்பாவோ, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாயுற பெரியவரோதான் ஞாபகம் வருது. பிரிட்டனில் அந்த வேலை பெரும்பாலும் சிரிப்பு சார்ந்தது. ஒரு காட்சிக்குள்ள வரணும், 2 நிமிஷத்துல ஒரு முழு மனுஷனைக் காட்டணும், சிரிப்பை வாங்கணும், கிளம்பிடணும். அடுத்த வாரம் வேற படத்துல அதையே வேற தொப்பி போட்டுக்கிட்டு செய்யணும். இப்படி ஒரு வாழ்க்கை முழுக்க ஓட்டினவங்க உண்டு.

ஜான் லெ மெஷரரை எடுத்துக்கோங்க. 1912-ல் பெட்ஃபோர்டில் பிறந்தவர், குடும்பம் வக்கீல் குடும்பம். இவரும் ஒரு வக்கீல் அலுவலகத்துல பயிற்சிக்குப் போய், பிடிக்காம விட்டுட்டு நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். அதுக்கப்புறம் 100 படத்துக்கு மேல. பெரும்பாலும் டாக்டர், ஜட்ஜ், ராணுவ அதிகாரி, அரசாங்க ஆபீசர். எல்லாருக்கும் ஒரே முகம்தான்: இப்பதான் யாரோ ஒரு மோசமான செய்தி சொன்ன மாதிரி, ஆனா அதைப் பற்றி சத்தமா பேசுறது மரியாதை இல்லைன்னு நினைக்கிற மாதிரி. 'பிரைவேட்ஸ் பிராக்ரஸ்', 'ஐயாம் ஆல்ரைட் ஜாக்', 'தி பிங்க் பாந்தர்', 'தி இட்டாலியன் ஜாப்' எல்லாத்துலயும் இருக்கார். எதுலயும் போஸ்டர்ல பெருசா இல்லை. (இவர் பேரை அவங்க எழுதுறது ஒரு மாதிரி, சொல்றது வேற மாதிரி. தமிழ்ல எழுதும்போது காதுல விழுறதை மட்டும் எழுதினா போதும், அந்த வசதியை இந்த எபிசோடு முழுக்க பயன்படுத்திக்கப் போறேன்.)

இந்த மாதிரி நடிகர்கள் எங்கிருந்து வந்தாங்கன்னு பார்த்தா, பலருக்கும் பதில் ஒண்ணுதான்: ரெப்பர்ட்டரி தியேட்டர், சுருக்கமா ரெப். ஊருக்கு ஊர் ஒரு நாடக அரங்கம், அதுக்குன்னு நிரந்தரமா ஒரு சின்னக் குழு. வாராந்திர ரெப்னா வாரத்துக்கு ஒரு புது நாடகம். ராத்திரி இந்த வார நாடகத்தை மேடையில் நடிக்கிறாங்க, பகல்ல அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, படுக்கைக்குப் போறதுக்கு முன்னாடி வசனம் மனப்பாடம். திங்கட்கிழமை புது நாடகம் திறந்தாகணும், தள்ளிப்போட முடியாது. நம்ம தொழிலில் 2 வாரத்துக்கு ஒரு ரிலீஸுக்கே நாம என்ன புலம்பு புலம்புறோம்!

இந்த அமைப்பு ஒரு குறிப்பிட்ட திறமையை வளர்க்குது. 25 வயசுக்காரர் இந்த வாரம் தாத்தா, அடுத்த வாரம் கொலைகாரன், அதுக்கடுத்த வாரம் வேலைக்காரன். ஆழமா யோசிக்க நேரம் கிடையாது. ஒரு நடை, ஒரு குரல், கண்ணாடியைக் கழற்றுற விதம், இப்படி சின்னச் சின்ன பொருட்களை வெச்சு ஒரு ஆளைக் கட்டிடணும். அந்தச் சின்னப் பொருட்கள் கையிருப்புல சேர்ந்துக்கிட்டே போகும். 20 வருஷம் கழிச்சு ஒரு டைரக்டர் வந்து "ஒரு எரிச்சல் பிடிச்ச ஸ்டேஷன் மாஸ்டர் வேணும், காலைல 10 மணிக்கு ஷூட்டிங்"னு சொன்னா, அவருக்குத் தயாரிப்பே தேவைப்படாது.

ஆர்தர் லோ அப்படிப்பட்டவர். ரெண்டாம் உலகப் போரில் ராணுவத்துல மத்திய கிழக்குல இருந்தப்போ அங்க நாடகம் போட ஆரம்பிச்சு, 1945-ல் மான்செஸ்டர் ரெப்ல தொழிலா சேர்ந்தார். 1949-ல வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' படம் பார்த்திருந்தா, அலெக் கின்னஸ் ஒரே குடும்பத்து ஆட்கள் 8 பேரா நடிச்சதைத்தான் எல்லாரும் பேசுவாங்க. ஆனா கடைசிக் காட்சியில், சிறை வாசலில் ஒரு பத்திரிகை நிருபர் வந்து கதாநாயகன்கிட்ட ஒரு கேள்வி கேட்பார். மொத்தப் படமும் அந்தக் கேள்வியில்தான் கவிழும். அந்த நிருபர் ஆர்தர் லோ. சில நொடிதான். அதுக்கப்புறம் அவர் பேர் நாடறியத் தெரிய கிட்டத்தட்ட 20 வருஷம் ஆச்சு. நடுவுல 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடர்ல துணிக்கடை நடத்துற ஸ்விண்ட்லியா வந்து ஓரளவு தெரிஞ்ச முகம் ஆனார், அவ்வளவுதான்.

இப்ப 1968-க்கு வருவோம். பிபிசியில் 'டாட்ஸ் ஆர்மி' ஆரம்பிக்குது. ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்ட்டும் சேர்ந்து எழுதின தொடர். 1940-ல் ஜெர்மனி எப்ப வேணா கடல் தாண்டி இறங்கிடும்னு பயந்த நேரத்துல, ராணுவத்துக்குப் போக முடியாதவங்களை வெச்சு பிரிட்டன் ஹோம் கார்டுன்னு ஒரு தொண்டர் படை அமைச்சது. நம்ம ஊர்க்காவல் படையோட இதைக் குழப்பிக்க வேண்டாம், இது போர்க்கால ஏற்பாடு. வயசானவங்க, ரொம்பச் சின்னப் பசங்க, போருக்கு அனுப்ப முடியாத வேலையில் இருக்கிறவங்க. ஆரம்பத்துல துப்பாக்கிகூட போதுமான அளவு கிடையாது. பெர்ரி தானே டீன் ஏஜ்ல அந்தப் படையில் இருந்தவர். வால்மிங்டன்-ஆன்-சீன்னு ஒரு கற்பனைக் கடற்கரை ஊர், அங்க ஒரு படைப்பிரிவு. ஊர் வங்கி மேனேஜர் மானரிங்தான் கேப்டன், தன்னைத்தானே நியமிச்சுக்கிட்டவர். அவர் வங்கியிலேயே தலைமை கிளார்க்கா இருக்கிற வில்சன்தான் சார்ஜென்ட்.

இந்தத் தொடருக்கு என்ன வேணும்னு யோசிச்சுப் பாருங்க. வயசான நடிகர்கள் வேணும், ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, ஒரு கூட்டமே. நட்சத்திரமா இருக்கக் கூடாது, ஊர்க்காரங்க மாதிரி இருக்கணும். ஆனா நேரடிப் பார்வையாளர்கள் முன்னாடி வேகமா ஷூட் பண்ற தொடருக்குத் தேவையான பயிற்சி இருக்கணும். அப்படி ஒரு கூட்டம் அப்போ பிரிட்டனில் தயாரா இருந்தது. லோவுக்கு வயசு 52. லெ மெஷரருக்கு 56. பிரேசரா நடிச்ச ஜான் லாரிக்கு 71. காட்ஃப்ரேயா நடிச்ச ஆர்னால்ட் ரிட்லிக்கு 72.

மானரிங் வேஷம் முதல்ல லோவுக்குப் போகலை. தோர்லி வால்டர்ஸ்னு இன்னொரு குணச்சித்திர நடிகருக்குப் போய், அவர் வேண்டாம்னு சொன்னார். லோ அதுவரைக்கும் ஐடிவி ஆள்னுதான் பிபிசியில் பார்த்தாங்க. கடைசியில் லோ கேப்டன், லெ மெஷரர் சார்ஜென்ட்னு முடிவானது. என் கணக்குல இந்தத் தொடரின் அஸ்திவாரமே அந்த ஒரு முடிவுதான். வெளியிலேர்ந்து பார்த்தா லெ மெஷரர்தான் அதிகாரி மாதிரி இருப்பார்: உயரம், மென்மையான உச்சரிப்பு, பணக்காரப் பள்ளியில் படிச்ச தோரணை. குட்டையா, உருண்டையா, விறைப்பா நிக்கிற லோதான் சார்ஜென்ட் மாதிரி இருப்பார். மாத்திப் போட்டதும் காட்சிக்குக் காட்சி வர்க்கச் சண்டை தானா வந்துடுச்சு. சாதாரணப் பள்ளியில் படிச்சு உழைச்சு மேல வந்த மானரிங்குக்கு, எதுக்கும் உழைக்காத, ஆனா எல்லாரும் தானா மரியாதை கொடுக்கிற வில்சன்மேல தீராத எரிச்சல். வில்சன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார். "இது புத்திசாலித்தனமான காரியமா சார்?"ங்கிற பாவனையில் மெதுவா ஒரு கேள்வி கேட்பார். மானரிங் முகம் சிவக்கும். இங்கிலாந்துக்காரங்க இதைப் பார்த்து அப்படி சிரிச்சதுக்குக் காரணம், அவங்க எல்லாரும் அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரா எங்கயாவது ஒரு ஆபீஸ்ல இருந்திருப்பாங்க.

லெ மெஷரர் இந்த வேஷத்துக்குப் பெரிசா எதுவும் செய்யலை, தன்னையே கொஞ்சம் நீட்டி வில்சனாக்கிட்டார்னு பின்னாடி அவரே எழுதியிருக்கார். சட்டைக் கைப் பொத்தானைப் போடாம விடுறது, தொப்பியைக் கொஞ்சம் சாய்ச்சு வைக்கிறது. லோவோ, வசனத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிக்கவே மாட்டார்னு ஒரு பிரபலமான புகார். கிராஃப்ட் அவருக்கு ஸ்கிரிப்ட்ல ரெண்டு பிரதி அனுப்பி, ஒண்ணைத் தலையணைக்குக் கீழ வெச்சுக்கோங்க, எப்படியாவது மண்டைக்குள்ள இறங்குதா பார்ப்போம்னு எழுதினாராம். வசனத்தைத் தேடி லோ தடுமாறுற அந்தச் சின்ன இடைவெளிகள் மானரிங்கின் கெத்தா திரையில் மாறினது தனிக் கதை.

கிளைவ் டன் பற்றி ஒரு தகவல் மட்டும். கார்ப்பரல் ஜோன்ஸ்னு தள்ளாடுற 70 வயசுக் கறிக்கடைக்காரரா நடிச்சவருக்கு அப்போ 48 வயசுதான். நிஜப் போரில் கிரீஸ்ல பிடிபட்டு, நாலு வருஷம் ஆஸ்திரியாவில் போர்க்கைதியா இருந்தவர். 1971 ஜனவரியில் 'கிராண்டாட்'னு ஒரு பாட்டு பாடி பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்துக்கே போயிட்டார், தாத்தா வேஷத்துலயேதான்.

ஜான் லாரி 1935-ல் ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்துல அந்தக் கடுகடு விவசாயியா வந்தவர். லாரன்ஸ் ஒலிவியரின் ஷேக்ஸ்பியர் படங்கள்ல நடிச்சவர், மேடையில் ஹாம்லெட்டா நின்னவர். இந்தக் குப்பைக்கு வந்துதான் நான் புகழ் அடையணுமாங்கிற அர்த்தத்துல பெர்ரிகிட்ட முணுமுணுப்பாராம். அந்த முணுமுணுப்பை அப்படியே பிரேசர் வேஷத்துக்குள்ள போட்டுட்டாங்க.

என்னை ரொம்ப நிறுத்தி யோசிக்க வெச்சவர் ஆர்னால்ட் ரிட்லி. தொடர்ல காட்ஃப்ரே ஒரு சாது. அடிக்கடி கழிவறைக்குப் போக அனுமதி கேட்கிறவர், ரெண்டு அக்கா தங்கச்சிகளோட ஒரு குட்டி வீட்டுல இருக்கிறவர். நடிச்ச ரிட்லி முதல் உலகப் போரில் 1916-ல் சோம் போர்க்களத்துல இருந்தவர். கைகலப்புச் சண்டையில் துப்பாக்கிக் கத்தியால் இடது கை கிழிஞ்சு, அது அப்புறம் சரியா வேலை செய்யவே இல்லை. தலையில் துப்பாக்கிக் கட்டையால் அடிபட்டு, வாழ்நாள் முழுக்க அப்பப்போ மயக்கம். நடிப்பு வேலை அதனால நின்னுபோய், எழுத ஆரம்பிச்சார். பிரிஸ்டல் பக்கத்துல ஒரு சின்ன ரயில் நிலையத்துல மாட்டிக்கிட்டு நேரம் போகாம உட்கார்ந்திருந்தப்போ வந்த யோசனைதான் 'தி கோஸ்ட் ட்ரெயின்' நாடகம். 1925-ல் லண்டனுக்கு வந்து 600 காட்சிக்கு மேல ஓடிச்சு. பல தடவை படமாவும் ஆச்சு. உலகம் முழுக்க அமெச்சூர் குழுக்கள் அதைப் போட்டுக்கிட்டே இருந்தாங்க.

அப்ப அவர் பணக்காரரா இருந்திருக்கணும் இல்லையா? 1930-களில் ஒரு சினிமா கம்பெனி ஆரம்பிச்சு, அது கவிழ்ந்து, கடன்ல மாட்டினார். பணம் முடைப்பட்ட நேரத்துல அந்த நாடகத்தின் அமெச்சூர் உரிமையைச் சொற்பத் தொகைக்கு வித்துட்டார். அதுக்கப்புறம் பல வருஷம் ஒவ்வொரு ஊர்லயும் அவர் நாடகம் நடக்கும், டிக்கெட் விக்கும், அவருக்கு அதுல ஒண்ணும் வராது. 72 வயசுல ஒரு காமெடித் தொடருக்கு, குளிர்ல வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போய் நின்னதுக்குப் பின்னாடி இந்தக் கணக்கும் இருக்கு.

1969-ல் 'பிராண்டட்'னு ஒரு எபிசோடு. முதல் உலகப் போரில் தான் ஆயுதம் எடுக்க மறுத்தவன்னு காட்ஃப்ரே சொல்றார். படை முழுக்க அவரோட பேச்சை நிறுத்திடுது. கடைசியில் அவர் படுக்கைக்கு மேல மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்க்கிறாங்க: நெஞ்சுல வீரப் பதக்கம். ஆயுதம் எடுக்க மாட்டேன்னாலும், ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கிட்டு சோம் போர்க்களத்துல குண்டு மழையில் அடிபட்டவங்களைக் காப்பாத்தினவர். அதை ரிட்லி ரொம்ப சாதாரணமா, கொஞ்சம் கூச்சத்தோட சொல்வார். அவர் கை நிஜமாவே அந்த இடத்துல போனதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அந்தக் காட்சியைப் பாருங்க. ('ஸ்டார் வார்ஸ்' பார்க்கிறவங்களுக்கு ஒரு தகவல்: ரேயா நடிச்ச டெய்சி ரிட்லிக்கு இவர் தாத்தா முறை.)

சரி, பணம்னு வந்துட்டோம். பணத்தைப் பேசாம இந்த நடிகர்களைப் பேச முடியாது. அதுக்கு 'கேரி ஆன்' படங்கள்தான் சரியான உதாரணம்.

1958-ல் 'கேரி ஆன் சார்ஜென்ட்'. சுமார் 75,000 பவுண்டு செலவுல எடுத்த படம், அந்த வருஷத்தின் பெரிய வெற்றிகள்ல ஒண்ணு. தயாரிப்பாளர் பீட்டர் ராஜர்ஸ், டைரக்டர் ஜெரால்ட் தாமஸ், இடம் பைன்வுட் ஸ்டுடியோ. 1978 வரைக்கும் அதே ரெண்டு பேர் 30 படம் எடுத்தாங்க. சிட் ஜேம்ஸ், கென்னத் வில்லியம்ஸ், சார்லஸ் ஹாட்ரி, ஹாட்டி ஜாக்ஸ், ஜோன் சிம்ஸ், பெர்னார்ட் பிரெஸ்லானு ஒரு நிரந்தரக் கூட்டம். சிக்கனம்னா அப்படி ஒரு சிக்கனம். 'அப் தி கைபர்' படத்துல வர்ற கைபர் கணவாய் வேல்ஸ் நாட்டு மலை. வெயில்கால கூடார வாழ்க்கையைக் காட்டுற 'கேரி ஆன் கேம்பிங்'கை எடுத்தது அக்டோபர், நவம்பர் குளிர்ல. இலை உதிர்ந்து போச்சு, தரை சேறாயிடுச்சு, பச்சைப் பெயிண்ட்டை அடிச்சு சமாளிச்சாங்க. நடிகர்கள் நீச்சல் உடையில் நடுங்காம நடிக்கணும்.

சம்பளம்? முக்கிய ஆண் நடிகர்களுக்குப் படத்துக்கு சுமார் 5,000 பவுண்டு. பெண்களுக்கு அதுல பாதி, சுமார் 2,500. விலைவாசி எங்கயோ போனாலும் அந்தத் தொகை பெரிசா நகரவே இல்லை. அதைவிட முக்கியம், அது ஒரே தடவைப் பணம். படம் தியேட்டர்ல எவ்வளவு ஓடினாலும் பங்கு கிடையாது, பின்னாடி டிவியில் நூறு தடவை போட்டாலும் கிடையாது. ஜோன் சிம்ஸ் 24 'கேரி ஆன்' படத்துல நடிச்சிருக்காங்க. பிரிட்டிஷ் டிவியில் விடுமுறை மத்தியானம்னா அவங்க முகம் இல்லாம இருந்ததில்லை. அந்த ஒளிபரப்பு எதுக்கும் அவங்களுக்கு வருமானம் இல்லை.

ராஜர்ஸோட வாதம் எளிமையானது: இங்க நட்சத்திரம் நடிகர்கள் கிடையாது, 'கேரி ஆன்'ங்கிற தலைப்புதான் நட்சத்திரம். வணிகமா பார்த்தா அதுல உண்மை இருக்கு. யாராவது ஒருத்தர் வராட்டாலும் படம் ஓடிச்சு. ஆனா எல்லாரையும் ஒரே நேரத்துல மாத்திப் பார்த்தா என்ன ஆகும்? அதை 1992-ல் 'கேரி ஆன் கொலம்பஸ்'ல செஞ்சு பார்த்தாங்க, பழைய ஆட்கள் பெரும்பாலும் இல்லாம. யாருக்கும் பிடிக்கலை. ராஜர்ஸ் வாதத்துக்கு அதுதான் பதில்னு நான் நினைக்கிறேன்.

சார்லஸ் ஹாட்ரி கதை இதுல கசப்பானது. 1930-களில் வில் ஹே படங்கள்ல பள்ளிக்கூடப் பையனா வந்தவர், 50 வயசு தாண்டியும் கண்ணாடி போட்ட அந்தப் பையன் முகத்தோடயே இருந்தவர். டைட்டில்ல தன் பேர் எந்த வரிசையில் வரணும்னு சண்டை போட்டார். 1972-ல் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு அந்தச் சண்டை முத்தி விலகினார், திரும்பக் கூப்பிடவே இல்லை. பேர் வரிசைக்கு இவ்வளவு அடம் பிடிக்கணுமான்னு தோணலாம். பணத்துல பங்கு இல்லைன்னு முடிவான இடத்துல, பேர் வரிசைதான் மிச்சம் இருக்கிற ஒரே சம்பளம். டீல் நகரத்துல குடியும் தனிமையுமா இருந்து 1988-ல் செத்துப்போனார்.

ஹாட்டி ஜாக்ஸைப் பற்றியும் சொல்லணும். மேட்ரன்னா அவங்கதான். போர்க்காலத்துல நிஜமாவே தொண்டு நர்ஸா இருந்தவங்க, தொழிற்சாலையில் வெல்டிங்கூட செஞ்சவங்க. பெருத்த உடம்பு, அதனால சினிமாவில் அவங்களைக் காதலியா யாரும் யோசிக்கலை. 1949-லேர்ந்து 1965 வரைக்கும் ஜான் லெ மெஷரரின் மனைவி. அவங்க வாழ்க்கையில் இன்னொருத்தர் வந்து கல்யாணம் முறிஞ்சப்போ, அவங்க பேர் கெட்டுடக் கூடாதுன்னு லெ மெஷரர் தப்பு தன்மேலன்னு கோர்ட்ல ஏத்துக்கிட்டு விவாகரத்து கொடுத்தார். வில்சன் சார்ஜென்ட் செய்யக்கூடிய காரியம்தான்.

இப்ப நான் சொன்ன டெக் பகுதி. இதுவும் பணத்தோடதான் ஆரம்பிக்குது.

அந்தக் காலத்து பிபிசி 2 அங்குல வீடியோ டேப்ல பதிவு பண்ணிச்சு. டேப் விலை அதிகம், அழிச்சுட்டு மறுபடி பயன்படுத்தலாம். இன்னொரு பக்கம் நடிகர் சங்கமான ஈக்விட்டி, ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்ட காலத்துக்குள்ள குறிப்பிட்ட தடவைதான் மறுஒளிபரப்பு பண்ணலாம், அதுக்கும் பணம் கொடுக்கணும்னு ஒப்பந்தம் போட்டிருந்தது. பழசையே போட்டுக்கிட்டிருந்தா புது வேலை வராதுங்கிற பயம், அது நியாயமான பயம். 'கேரி ஆன்' ஆட்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது. ஆனா இதுக்கு ஒரு பக்க விளைவு வந்தது: காலக்கெடு முடிஞ்ச டேப்பால் பிபிசிக்கு லாபம் இல்லை. அழிச்சாங்க. இப்படி போனதுதான் 'டாட்ஸ் ஆர்மி' ரெண்டாம் சீசனின் பெரும்பகுதி. 2001-ல் ரெண்டு எபிசோடு ஃபிலிம் பிரதியா ஒரு தனிநபர்கிட்டேயிருந்து திரும்பி வந்தது. இன்னும் 3 காணோம். நடிகரோட கூலியைக் காப்பாத்தின அதே விதி, அவர் வேலையை அழிக்கிறதுக்கும் ஒரு காரணமா இருந்திருக்கு. ரெண்டுல எது முக்கியம்னு கேட்டா, அன்னைக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தவர் கூலியைத்தான் சொல்லியிருப்பார், நானும் அதையேதான் சொல்வேன்.

மூணாம் சீசன்லேர்ந்து கலர். அதுல 'ரூம் அட் தி பாட்டம்'னு ஒரு எபிசோடின் கலர் டேப் அழிஞ்சுபோச்சு. வெளிநாட்டுக்கு விக்கிறதுக்காக எடுத்த கறுப்பு வெள்ளை 16 மில்லிமீட்டர் ஃபிலிம் மட்டும் இருந்தது. ஒரு டிவி மானிட்டர் முன்னாடி சினிமா கேமராவை வெச்சு எடுத்த பிரதி. கலர் தகவல் போயே போச்சு, இல்லையா?

போகலை. பிஏஎல் முறையில் வெளிச்ச சிக்னலுக்கு மேலயே, சுமார் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலை ஒண்ணு கலரைச் சுமந்துக்கிட்டு போகும். அலையின் கட்டம் என்ன நிறம்னு சொல்லும், உயரம் எவ்வளவு அடர்த்தின்னு சொல்லும். இந்த அலையை வடிகட்டாம கறுப்பு வெள்ளை மானிட்டருக்குக் கொடுத்தா, திரையில் ரொம்ப நுணுக்கமான புள்ளிப் படலமா தெரியும். பார்க்கிறவங்களுக்கு அது வெறும் இரைச்சல். அந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் ஃபிலிம் பதிவு பண்ணியிருக்கு. அதாவது, கலர் சிக்னல் 40 வருஷமா கறுப்பு வெள்ளைப் படத்துக்குள்ள குறியீடா உட்கார்ந்திருக்கு.

இதை மீட்கிறது சுலபம் இல்லை. மானிட்டர் திரை வளைவு, ஃபிலிம் சுருக்கம் எல்லாத்தையும் திருத்தி, ஒவ்வொரு புள்ளியும் மூல சிக்னல்ல எங்க இருந்ததுன்னு பிக்சலுக்கும் கீழான துல்லியத்துல கண்டுபிடிக்கணும். கட்டத்தை அளக்கத் தேவையான ஒப்பீட்டு சிக்னல் திரைக்கு வெளியே போற பகுதியில் இருக்கும், அது ஃபிலிம்ல கிடையாது. அதனால எந்த நிறம்னு ஊகிக்க வேண்டியிருக்கும். முன்னாள் பிபிசி பொறியாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் இதுக்கு மென்பொருள் எழுதினார். பிபிசி பேசிக் மொழியை விண்டோஸுக்குக் கொண்டுவந்த அதே ரஸ்ஸல்தான்! 2008 டிசம்பரில் அந்த எபிசோடு கலர்ல ஒளிபரப்பாச்சு. ஜான் லாரி, ஆர்தர் லோ, லெ மெஷரர், ரிட்லி யாரும் அப்போ உயிரோட இல்லை. ஆனா அவங்க காக்கி உடுப்பு காக்கியாவே திரும்பி வந்துடுச்சு.

கடைசிக் காலத்துலயும் இவங்க யாரும் வேலையை நிறுத்தலை, அல்லது நிறுத்த முடியலை. சிட் ஜேம்ஸ் 1976 ஏப்ரல்ல சண்டர்லேண்ட் எம்பயர் மேடையில் நடிச்சுக்கிட்டே மாரடைப்பில் சரிஞ்சார். அதுவும் காமெடின்னு நினைச்சு ஜனங்க சிரிச்சாங்கன்னு சொல்லுவாங்க. ஆர்தர் லோ 'ஓ லக்கி மேன்!' படத்துக்காக பாஃப்டா வாங்கினவர், 1 கோடியே 80 லட்சம் பேர் வரைக்கும் பார்த்த தொடரின் தலைவர். ஆனாலும் ஊர் ஊரா மனைவி ஜோன் கூப்பரோட நாடகம் போட்டுக்கிட்டுதான் இருந்தார். 1982-ல் பர்மிங்ஹாம் அலெக்சாண்ட்ரா தியேட்டரில், பகல் காட்சி முடிச்சு ராத்திரிக் காட்சிக்கு முன்னாடி மேக்கப் அறையில் விழுந்தார், மறுநாள் காலையில் இறந்தார். வயசு 66. அவர் இறுதிச் சடங்கு நாளில் மனைவி பெல்ஃபாஸ்டில் அதே நாடகத்துல மேடையில் இருந்தாங்க. வாராந்திர ரெப்ல கத்துக்கிட்டது அது: திரை தூக்கினா ஆள் இருக்கணும்.

லெ மெஷரர் 1971-ல் டென்னிஸ் பாட்டர் எழுதின 'டிரெய்ட்டர்' நாடகத்துல ரஷ்யாவுக்கு ஓடிப்போன உளவாளியா நடிச்சு பாஃப்டா வாங்கினார். அதைப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும், அத்தனை வருஷம் எவ்வளவு கொஞ்சமா அவரைப் பயன்படுத்தியிருக்காங்கன்னு. 1983 நவம்பர் 15-ல் இறந்தார். டைம்ஸ் பத்திரிகையில் வந்த இரங்கல் அறிவிப்பை அவரே முன்கூட்டி எழுதி வெச்சிருந்தார். தான் மண்டையைப் போட்டுட்டதைத் தெரிவிச்சுக்கிறதாவும், குடும்பத்தையும் நண்பர்களையும் பிரிஞ்சு வருந்துறதாவும், தன்மையில் இல்லாம படர்க்கையில், ரெண்டே வரி.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்கிறவங்களுக்கு: 'பிராண்டட்' எபிசோடு முதல்ல, அப்புறம் 'ரூம் அட் தி பாட்டம்', கலர் எங்கயாவது லேசா தடுமாறுதான்னு கவனிங்க. பிறகு 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்', கடைசி 2 நிமிஷம் எழுந்து போயிடாதீங்க. அலஸ்டேர் சிம், மார்கரெட் ரதர்ஃபோர்ட் ரெண்டு பேரையும் இதுல வேணும்னேதான் தொடலை. அவங்களுக்குத் தனி எபிசோடு வரும். கேள்வி இருந்தா வழக்கம்போல அனுப்புங்க. அடுத்த வாரம் டேட்டாபேஸ் இன்டெக்ஸ், வாக்குக் கொடுத்தபடி.